கணினி விளையாட்டுகளில் செயற்கை நுண்ணறிவு: ஒரு காவலாளியை உருவாக்கியபடியே கற்கும் முழுமையான வழிகாட்டி

கணினி விளையாட்டு உருவாக்கத்தில் செயற்கை நுண்ணறிவைக் கற்க விரும்புவோர் பலர் எடுத்த எடுப்பிலேயே, தரவிலிருந்து தானே கற்கும் நியூரல் நெட்வொர்க்கில் கை வைக்கின்றனர்; விரைவிலேயே சலித்து விட்டுவிடுகின்றனர். விளையாட்டுக்குள் இயங்கும் செயற்கை நுண்ணறிவின் நோக்கம் வேறு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லாததே இதற்குக் காரணம். 1997-இல் சதுரங்க உலக வாகையர் காஸ்பரோவை வீழ்த்திய டீப் புளூ என்ற கணினியின் வேலை வெல்வது மட்டுமே. ஒரு விளையாட்டில் வரும் காவலாளியின் வேலையோ, ஆடுபவருக்குச் சவாலாக விளங்கிக் கடைசியில் நம்பும்படியாகத் தோற்பது. எதிரே நிற்பது யோசிக்கிறது என்ற எண்ணம் ஆடுபவருக்கு எழ வேண்டும். அதை எழுப்பப் பெரும்பாலும் எளிய விதிகளே போதும்.

நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட பேக்-மேன் இதற்கு இன்றும் நல்ல பாடம். அதில் சிவப்புப் பேய், பேக்-மேன் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேய், அவன் நோக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை துரத்தும். அதற்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பும். நீலப் பேயின் கணக்கு மட்டும் சற்றுச் சுற்றலானது: சிவப்புப் பேயிடமிருந்து பேக்-மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் உள்ள புள்ளிக்கு ஒரு கோடு வரைந்து, அதை இரண்டு மடங்காக நீட்டினால் எங்கே முடிகிறதோ அங்கே அது செல்லும். கூடிப் பேசித் திட்டம் தீட்டும் நிரல் எதுவும் இதில் இல்லை. ஆனாலும் ஆடுபவருக்குத் தன்னை நான்கு பக்கமும் சுற்றி வளைப்பதாகவே தோன்றும்.

இவ்வழிகாட்டி ஒரே ஒரு காவலாளியை எடுத்துக்கொள்கிறது. மேலிருந்து பார்க்கும் ஒரு கட்டடம், சில அறைகள், நடுவில் ஒரு காவலாளி, ஒளிந்து செல்லும் ஆட்டக்காரர் என்ற அளவே போதும். ஒவ்வொரு படியிலும் அந்தக் காவலாளிக்கு ஒரு திறனைச் சேர்ப்போம்.

தொடங்குமுன்

மாறிகள், நிபந்தனைகள், சுழல்கள், செயற்கூறுகள், பட்டியல்கள் ஆகியவற்றைக் கொண்டு நூறு இருநூறு வரி நிரலைத் தானே எழுதக்கூடியவராக இருந்தால் போதும். கணிதத்தில் வெக்டர்களைக் கூட்டுதல், கழித்தல், நீளம் காணுதல், புள்ளிப் பெருக்கம் ஆகிய நான்கும் கட்டாயம் தேவை. கால்குலஸை ஆறாம் படிக்கு ஒத்திவைக்கலாம், அங்கும் அதன் அடிப்படை மட்டுமே தேவைப்படும்.

விளையாட்டை உருவாக்க உதவும் மென்பொருளான கேம் எஞ்சினைத் தேர்வதில் நெடுநாள் செலவிட வேண்டாம். கோடோ இலவசமானது, திறந்த மூலமானது, அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தானைப் போலவே இருக்கும். கற்பதற்கு அதையே பரிந்துரைப்பேன். யூனிட்டியும் சி ஷார்ப்பும் ஏற்கெனவே பழக்கமானவர்கள் அதிலேயே தொடரலாம். அன்ரியலில் பல கருவிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவை மறைத்துவிடுவதால், முதன்முதலில் கற்பவருக்கு அது வசதியே தவிரப் பயிற்சியன்று.

முதல் படி: பார்க்கும் திறன்

காவலாளிக்கு மூளையைத் தருவதற்கு முன் கண்ணைத் தர வேண்டும். நிரலுக்குள் ஆட்டக்காரர் இருக்கும் இடம் எப்போதும் தெரியும் என்பதால், அதை நேரடியாகக் காவலாளியிடம் கொடுத்துவிடுவது எளிது. அப்படிச் செய்தால் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரையும் அது கண்டுபிடித்து வரும், ஆடுபவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். ஆகவே மூன்று சோதனைகளை, செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி, வரிசையாக நடத்த வேண்டும்.

முதலாவது தூரம். இருவருக்கும் இடைப்பட்ட வெக்டரின் நீளம் பார்வை எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வர்க்கமூலம் காண்பதைத் தவிர்த்து, தூரத்தின் வர்க்கத்தை எல்லையின் வர்க்கத்தோடு ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். இரண்டாவது கோணம். காவலாளி நோக்கும் திசையின் அலகு வெக்டரையும் (நீளம் 1 கொண்டது), ஆட்டக்காரரை நோக்கிய அலகு வெக்டரையும் புள்ளிப் பெருக்கம் செய்தால் கிடைப்பது அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்பு. பார்வைக் கூம்பின் மொத்த அகலம் 90 பாகை என்றால் இருபுறமும் 45 பாகை. 45 பாகையின் கொசைன் ஏறத்தாழ 0.707. பெருக்கத்தின் விடை இதைவிடக் கூடுதலாக இருந்தால் ஆட்டக்காரர் கூம்புக்குள் இருக்கிறார். மூன்றாவது, ரே காஸ்ட்: காவலாளியின் கண்ணிலிருந்து ஒரு கோடு செலுத்தி, வழியில் சுவர் தடுக்கிறதா என்று எஞ்சினிடம் கேட்பது. மூன்றில் இதுவே செலவு மிக்கது. முதல் இரண்டில் தேறாதவருக்கு இதை நடத்தவே வேண்டியதில்லை.

மூன்றும் தேறியவுடன் அலாரம் அடிக்கக் கூடாது. ஐயத்தின் அளவு என்று 0 முதல் 1 வரை ஓர் எண்ணை வைத்து, ஆட்டக்காரர் கண்ணில் படும் நேரமெல்லாம் அதை உயர்த்தவும், படாதபோது மெல்லக் குறைக்கவும் வேண்டும். அருகில் நின்றால் 0.3 விநாடியிலும், கூம்பின் கடைக்கோடியில் நின்றால் 1.5 விநாடியிலும் நிரம்பும்படி அமைத்துத் தொடங்கலாம். இந்தச் சிறு தாமதம்தான் காவலாளியை எந்திரம் போலல்லாமல் மனிதரைப் போலக் காட்டுகிறது.

இந்தப் படியிலேயே இன்னொரு பழக்கத்தையும் தொடங்கிவிடுவது நல்லது. பார்வைக் கூம்பு, ரே காஸ்ட் கோடு, ஐயத்தின் அளவு ஆகியவற்றைத் திரையிலேயே வரைந்து காட்டும் ஒரு நிரலை எழுதி, ஒரு விசையை அழுத்தினால் அது தோன்றுமாறும் மறையுமாறும் செய்யுங்கள். பின்வரும் ஒவ்வொரு படியிலும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வரைவில்தான் பிடிபடும்.

இரண்டாம் படி: ஸ்டேட் மெஷின்

காவலாளி எந்நேரமும் ஏதேனும் ஒரு நிலையில் இருக்கிறார் என்று கொள்வதே ஸ்டேட் மெஷின். நம் காவலாளிக்கு நான்கு நிலைகள்: குறித்த புள்ளிகளுக்கு இடையே நடக்கும் ரோந்து, நின்று திரும்பிப் பார்க்கும் ஐயம், துரத்தல், கடைசியாகக் கண்ட இடத்துக்குச் சென்று சுற்றுமுற்றும் பார்க்கும் தேடல். இந்நான்கையும் தாளில் வட்டங்களாக வரைந்து, எது நேர்ந்தால் எதற்குச் செல்ல வேண்டும் என்பதை அம்புக்குறிகளாக எழுதிய பின்பே நிரலைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு நிலைக்கும் மூன்று செயற்கூறுகள் எழுதுவது வழக்கம்: நுழையும்போது ஒரு முறை இயங்குவது, நிலையில் இருக்கும்வரை ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு படத்திலும்) இயங்குவது, வெளியேறும்போது ஒரு முறை இயங்குவது. துரத்தலில் நுழையும்போது “யாரது?” என்று கத்துதல், வேகத்தைக் கூட்டுதல், வெளியேறும்போது வேகத்தைப் பழையபடி குறைத்தல். வெளியேறும் செயற்கூற்றை எழுதாமல் விட்டால், ரோந்துக்குத் திரும்பிய காவலாளி ஓடிக்கொண்டே ரோந்து செல்வார்.

எல்லைக் கோட்டில் தோன்றும் ஊசலாட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு கட்டத்துக்குள் வந்தால் துரத்து, ஆறு கட்டத்தைத் தாண்டினால் விட்டுவிடு என்று எழுதினால், ஆட்டக்காரர் சரியாக அந்தத் தொலைவில் முன்னும் பின்னும் அசையும்போது காவலாளியும் விநாடிக்குப் பலமுறை நிலை மாறித் துடிப்பார். தொடங்குவதற்கு ஆறு கட்டம், கைவிடுவதற்கு ஒன்பது கட்டம் என இரண்டு எல்லைகளைத் தனித்தனியே வைத்தால் இது நின்றுவிடும்.

இந்த அளவிலேயே ஒரு முழு விளையாட்டை உருவாக்கி முடிக்கலாம். அப்படி முடித்துவிட்டு அடுத்த படிக்குச் செல்பவரே பின்னர் விரைவாகக் கற்கிறார் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: வழி தேடல்

துரத்தும் காவலாளி நேர்கோட்டில் ஓடினால் சுவரில் முட்டி நிற்பார். இதற்கான விடை 1968-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ராஃபேல் ஆகியோர் வெளியிட்ட ஏ-ஸ்டார் வழிமுறை. இதன் கருத்து எளியது: ஒவ்வொரு கட்டத்துக்கும், தொடக்கத்திலிருந்து அதுவரை வந்த உண்மையான செலவையும், அங்கிருந்து இலக்குக்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் கூட்டி, கூட்டுத்தொகை மிகக் குறைவாக உள்ள கட்டத்தை அடுத்ததாக ஆராய வேண்டும். இலக்குக் கட்டமே அப்படித் தேர்வாகும்போது தேடல் முடிகிறது. எந்தக் கட்டத்திலிருந்து எதற்கு வந்தோம் என்று குறித்து வைத்ததைப் பின்னோக்கிப் படித்தால் பாதை கிடைக்கும்.

மதிப்பீட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. காவலாளி 2-ஆம் நெடுவரிசை, 3-ஆம் கிடைவரிசையில் நிற்கிறார். கதவு 7-ஆம் நெடுவரிசை, 5-ஆம் கிடைவரிசையில் உள்ளது என்று கொள்வோம். நான்கு திசைகளில் மட்டும் நகரலாம் என்றால், குறுக்கே 5, நெடுக்கே 2, ஆக மதிப்பீடு 7. மூலைவிட்டமாகவும் நகரலாம், அவ்வாறு ஒரு நகர்வுக்குச் செலவு 1.4 என்று வைத்தால், இரண்டு மூலைவிட்ட நகர்வுகளும் மூன்று நேர் நகர்வுகளும் சேர்ந்து 5.8 மட்டுமே. மூலைவிட்ட நகர்வை அனுமதித்துவிட்டு மதிப்பீட்டை 7 என்றே வைத்திருந்தால், அது உண்மைச் செலவை மிஞ்சிவிடுகிறது. அப்போது கிடைக்கும் பாதை மிகக் குறுகியது என்ற உத்தரவாதம் போய்விடும். மாறாக மதிப்பீட்டை எங்கும் சுழியமாக வைத்தால், இது டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட வழிமுறையாகவே மாறிவிடும்: விடை சரியாக வரும், ஆனால் எல்லாத் திசைகளிலும் தேடிக் களைத்த பிறகே வரும்.

கட்டத்துக்குக் கட்டம் செலவை மாற்றி வைக்கலாம் என்பது இவ்வழிமுறையின் மற்றொரு வலிமை. சேற்றுக் கட்டத்துக்குச் செலவு 3 என்று வைத்தால், காவலாளி அதைச் சுற்றிப் போவது லாபமாக இருக்கும்போது சுற்றிப் போவார், அவசரத்தில் வேறு வழியில்லையென்றால் சேற்றிலும் இறங்குவார். விளக்கு வெளிச்சம் விழும் கட்டங்களுக்கு அதிகச் செலவு வைத்துப் பாருங்கள். அதே காவலாளி இருட்டோரமாகப் பதுங்கி வருவார். யோசிப்பதற்கென ஒரு வரி நிரல்கூடக் கூடுதலாக எழுதவில்லை, ஆனால் ஆடுபவர் அதைத் தந்திரம் என்றே எண்ணுவார்.

ஏ-ஸ்டாரை ஒரு முறையாவது கைப்பட எழுதிப் பார்த்துவிட்டு, அதன்பின் எஞ்சின் தரும் ஆயத்த வசதிக்கு மாறிக்கொள்ளலாம். கட்டங்களாக அமைந்த வரைபடத்துக்குக் கோடோ நான்காம் பதிப்பில் ஏஸ்டார்கிரிட்2டி என்ற வகுப்பே உண்டு. முப்பரிமாண உலகில் கட்டங்களுக்குப் பதிலாக, நடக்கத்தக்க பரப்பைப் பலகோணங்களாகப் பிரித்து வைக்கும் நேவ்மெஷ் பயன்படுகிறது. தேடும் முறை அங்கும் இதுவே. பாதையை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகக் கணக்கிட வேண்டாம். அரை விநாடிக்கு ஒரு முறையோ, இலக்கு வேறு கட்டத்துக்கு நகர்ந்த பின்போ கணக்கிட்டால் போதும்.

நான்காம் படி: முடிவெடுத்தல்

காவலாளிக்குக் காயம், தோட்டாக்கள், கூட்டாளியை அழைத்தல், கதவைப் பூட்டுதல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், நிலைகளுக்கு இடையிலான அம்புக்குறிகள் பெருகி, ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று உடையும் கட்டம் வரும். அப்போது மூன்று பாதைகள் உள்ளன.

ஒன்று பிஹேவியர் ட்ரீ. 2004-இல் வந்த ஹேலோ 2 விளையாட்டுக்குப் பின் இது பரவலாயிற்று. மரத்தின் உச்சியிலிருந்து கேள்விகள் இறங்குகின்றன. ஒவ்வொரு கணுவும் வெற்றி, தோல்வி, நடந்துகொண்டிருக்கிறது என்ற மூன்றில் ஒரு விடையைத் திருப்பித் தருகிறது. தேர்வுக் கணு, தன் கிளைகளை முன்னுரிமைப்படி ஒவ்வொன்றாக முயன்று, முதலில் தோல்வியடையாததில் நிற்கும். வரிசைக் கணு, எல்லாக் கிளைகளும் அடுத்தடுத்து வென்றால்தான் வெல்லும். அன்ரியலில் இது உள்ளேயே அமைந்திருக்கிறது.

இரண்டாவது, என் விருப்பத்துக்குரியது, யூட்டிலிட்டி முறை. 2000-இல் வெளிவந்த தி சிம்ஸில் பாத்திரங்கள் தம் தேவைகளை எடைபோட்டு அடுத்து என்ன செய்வது என்று தேர்ந்தது இவ்வழியில்தான். செய்யக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, அதிகம் பெற்றதைச் செய்ய வேண்டும். காவலாளியின் உடல்நலம் 100-க்கு 30 என்றால் இழப்பு 0.7, அதன் வர்க்கமான 0.49-ஐ மருந்துப் பெட்டியைத் தேடிச் செல்லும் செயலுக்கு மதிப்பெண்ணாக வைப்போம். தாக்குதலின் மதிப்பெண் 0.5 என்றால் அவர் தாக்கிக்கொண்டே இருப்பார். உடல்நலம் 25-க்கு இறங்கினால் மருந்தின் மதிப்பெண் 0.56 ஆகி முந்திவிடும். ஆனால் இங்கும் பழைய ஊசலாட்டம் தலைதூக்கும். நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு 0.1 கூடுதலாகக் கொடுங்கள்: தாக்குதல் 0.6 ஆகிவிடுவதால் 25-இல் அவர் மனம் மாற மாட்டார், ஏறத்தாழ 22-க்கு இறங்கி மருந்து 0.6-ஐத் தாண்டும்போதுதான் ஓடுவார். வர்க்கத்துக்குப் பதில் கனத்தைப் போட்டால் இன்னும் நெஞ்சுரம் மிக்க காவலாளி கிடைப்பார். ஒரே வளைவை மாற்றுவதன் மூலம் கோழையையும் வீரரையும் உருவாக்க முடிவது இம்முறையின் அழகு.

மூன்றாவது, இலக்கைச் சொல்லிவிட்டு அதை அடையும் செயல்வரிசையைக் காவலாளியே திட்டமிடச் செய்வது. 2005-இல் வந்த ஃபியர் விளையாட்டில் ஜெஃப் ஓர்கின் இதைக் கையாண்டார். அந்த விளையாட்டின் எதிரிகள் புத்திசாலிகள் என்று பெயர் பெற்றதற்குத் திட்டமிடல் மட்டும் காரணமன்று. என்ன செய்கிறார்கள் என்பதை அவர்கள் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டதும் காரணம். நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தாலும், காவலாளி எடுக்கும் முடிவு அவருடைய குரலிலோ உடல் அசைவிலோ வெளிப்பட வேண்டும். வெளியே தெரியாத புத்திசாலித்தனமும் தற்செயலும் ஆடுபவருக்கு ஒன்றுதான்.

ஐந்தாம் படி: பலர் சேர்ந்தால்

விநாடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி, வரைதல், இயற்பியல், ஒலி ஆகியவை போக எதிரிகளின் சிந்தனைக்கு அதில் சிறு பங்கே எஞ்சும். ஐம்பது காவலாளிகளும் ஒரே ஃபிரேமில் யோசிக்காமல், ஃபிரேமுக்கு ஐந்து பேர் என்று முறைவைத்து யோசித்தால் ஆடுபவருக்கு வேறுபாடே தெரியாது. கூட்டமாக நகர்வதற்கு 1987-இல் கிரெய்க் ரெய்னால்ட்ஸ் வெளியிட்ட பாய்ட்ஸ் விதிகள் மூன்றே போதும்: அண்டை உறுப்பினரை முட்டாதே, அவர்கள் செல்லும் திசையில் செல், அவர்களின் நடுப்பகுதியை நோக்கி நகர்.

ஆறாம் படி: பயிற்சியால் கற்கும் முறை

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கில் விதிகளை நாம் எழுதுவதில்லை. என்ன தெரிகிறது, என்ன செய்யலாம், எதற்குப் பரிசு என்ற மூன்றையும் வரையறுத்துவிட்டு, பல இலட்சம் முறை முயன்று தவறிக் கற்கவிடுகிறோம். யூனிட்டியின் எம்எல்-ஏஜென்ட்ஸ் இதற்கு நல்ல நுழைவாயில்: பயிற்சி பைத்தானிலும் அதன் நியூரல் நெட்வொர்க் நூலகமான பைடார்ச்சிலும் நடக்கும், முடிவில் கிடைக்கும், கற்றதைத் தாங்கிய மாதிரிக் கோப்பை விளையாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

காவலாளிக்குத் தெரிய வேண்டியவற்றை அவரிடமிருந்து உள்ள தூரமாகவும் திசையாகவும் கொடுங்கள். வரைபடத்தின் ஆயத்தொலைவுகளாகக் கொடுத்தால் அந்த ஒரு கட்டடத்தை மனப்பாடம் செய்துவிட்டு, அறைகள் மாறியதும் விழிப்பார். எண்களை எல்லாம் -1 முதல் 1 வரையிலான அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பதும் அவசியம். பிடித்தால் 1 பரிசு, கடக்கும் ஒவ்வோர் அடிக்கும் (ஒரு முறை முடிவெடுத்துச் செயல்படுவது ஓர் அடி) 0.001 தண்டனை என்று தொடங்கினால், ஆயிரம் அடியில் தண்டனை பரிசுக்குச் சமமாகிவிடுவதால் சீக்கிரம் பிடிக்கும் நெருக்கடி உருவாகும்.

பரிசை வரையறுப்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் சறுக்குகின்றன. நெருங்கும் ஒவ்வொரு முறையும் பரிசு தந்து, விலகும்போது அதே அளவு பிடித்தம் செய்யாவிட்டால், காவலாளி நெருங்குவதும் விலகுவதுமாக ஆடிப் பரிசு சேர்ப்பாரே தவிரப் பிடிக்க மாட்டார். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2016-இல் கோஸ்ட் ரன்னர்ஸ் என்ற படகுப் பந்தய விளையாட்டில் இதையே கண்டது: புள்ளிகளைப் பரிசாகப் பெற்ற படகு, பந்தயத்தை முடிக்காமல் ஓரிடத்திலேயே வட்டமடித்துப் புள்ளிகளைக் குவித்தது.

2019-இல் அந்நிறுவனத்தின் ஓப்பன்ஏஐ ஃபைவ், டோட்டா 2 விளையாட்டில் உலக வாகையர் அணியான ஓஜியை வென்றதையும், சோனி 2022-இல் அறிவித்த ஜிடி சோஃபி, கிரான் டூரிஸ்மோ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் தலைசிறந்த ஓட்டுநர்களை முந்தியதையும் பார்த்து, நம் காவலாளிக்கும் இதுவே வழி என்று முடிவு செய்துவிடக் கூடாது. பயிற்சி பெற்ற மாதிரியிடம் “இன்னும் கொஞ்சம் மெத்தனமாக இரு” என்று சொல்ல ஓர் எண் கிடையாது. மீண்டும் பயிற்றுவிக்கத்தான் வேண்டும். யூட்டிலிட்டி முறையில் இது அரை நிமிட வேலை. நுட்பமான கட்டுப்பாடு தேவைப்படும் பந்தய வண்டிகளுக்கும், விளையாட்டைத் தானே ஆடிப் பிழை தேடும் சோதனையாளருக்கும் இம்முறை பொருந்தும். ஒளிந்து விளையாடும் ஆட்டத்தின் காவலாளிக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

ஏழாம் படி: உருவாக்கும் செயற்கை நுண்ணறிவைத் துணையாகக் கொள்ளுதல்

நிரல் எழுதித் தரும் மொழி மாதிரிகளை இவ்வளவு தூரம் வந்த பிறகே பயன்படுத்தச் சொல்வது வேண்டுமென்றேதான். அவை தரும் நிரலில் பிழை இருப்பதை, அந்த நிரலைத் தானே எழுதத் தெரிந்தவரே காண்பார். கோடோ இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு: நகரும் பாத்திரத்துக்கான வகுப்பு மூன்றாம் பதிப்பில் கைனமேடிக்பாடி2டி என்று இருந்தது நான்காம் பதிப்பில் கேரக்டர்பாடி2டி ஆகிவிட்டது, காத்திருக்கச் சொல்லும் யீல்ட் என்ற சொல் போய் அவெய்ட் வந்தது. இணையத்தில் இரண்டு பதிப்புகளின் நிரலும் கலந்து கிடப்பதால், மொழி மாதிரிகளும் இரண்டையும் ஒரே செயற்கூற்றில் கலந்து தந்துவிடுவதுண்டு. எந்தப் பதிப்பு என்பதைக் கேள்வியிலேயே சொல்லுங்கள். ஒரு முறைக்கு ஒரு செயற்கூறு மட்டும் கேளுங்கள். ஏன் அப்படி எழுதியது என்பதையும் விளக்கச் சொல்லுங்கள்.

காவலாளியின் உரையாடலை மொழி மாதிரியிடம் விடுவதென்றால், விளையாட்டின் கட்டுப்பாட்டை மட்டும் அதனிடம் விடக் கூடாது. “சாவி கிடங்கில் இருக்கிறது” என்று அது சொல்லும்போது, கிடங்கு என்ற ஓர் அறையே விளையாட்டில் இல்லாமல் இருக்கலாம். எந்த அறைகள் உள்ளன, காவலாளிக்கு எவை தெரியும் என்ற பட்டியலை விளையாட்டு நிரலே ஒவ்வொரு முறையும் அனுப்பி, விடையையும் முன்பே வகுத்த செயல்களில் ஒன்றாகவே பெற வேண்டும். சொற்கள் மட்டும் மாதிரியுடையவையாக இருக்கலாம்.

அறைகளின் அமைப்பைத் தானாக உருவாக்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கட்டடத்தை எவ்வழியில் உருவாக்கினாலும், வாசலிலிருந்து வெளியேறும் கதவு வரை செல்ல முடிகிறதா என்று மூன்றாம் படியில் எழுதிய ஏ-ஸ்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். பாதை கிடைக்கவில்லையென்றால் அந்தக் கட்டடத்தை நீக்கிவிட்டு வேறொன்றை உருவாக்கச் செய்யுங்கள். உருவாக்கத்துக்குப் பயன்பட்ட விதை எண்ணை (தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைப்பது) சேமித்து வைத்தால், பிழை தென்பட்ட அதே கட்டடத்தை மீண்டும் வரவழைக்கலாம்.

படம், குரல், இசை ஆகியவற்றை இவ்வழியில் பெறுவோர், எதை எந்தக் கருவியால், என்ன உரிமத்தின்கீழ் உருவாக்கினோம் என்பதைத் தொடக்கத்திலிருந்தே ஒரு கோப்பில் குறித்து வர வேண்டும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2024 ஜனவரி முதல், செயற்கை நுண்ணறிவால் முன்கூட்டியே உருவாக்கிச் சேர்த்தவற்றையும், ஆடும்போதே உருவாகுபவற்றையும் தனித்தனியே அறிவிக்குமாறு உருவாக்குநர்களைக் கேட்கிறது. பின்னதற்கு, சட்டத்துக்குப் புறம்பானவை உருவாகாமல் தடுக்க என்ன காப்பு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அங்கே எழுத வேண்டும். விளையாட்டை வெளியிடும் நாளன்று அந்தப் படிவத்தை நினைவிலிருந்து நிரப்புவது கடினம். கோப்பு கையிலிருந்தால் அதிலிருந்து எடுத்து எழுதிவிடலாம்.